மங்கினால் நல்லது

என்செனாதாவில் இன்று மூடுபனி.
துறைமுகத்தில் கடல்சிங்கங்கள் கத்துவது கேட்கிறது,
கடலைக் காணோம்.
மூன்றாம் மாடியில் விளக்கை அணைத்துவிட்டு
பதினேழாம் எண்ணைக் கையில் எடுக்கிறேன்.
இருபத்தாறு கிராம் எலி.
அதில் பாதி இதயத் துடிப்பு என்றே தோன்றும்.

அதன் மண்டையில் சுண்டுவிரல் நகமளவு எலும்பை நீக்கி
பீங்கான் சில்லொன்றைப் பதித்து
ஐம்பத்திரண்டு நாள்.
பதித்தவர் டாக்டர் எவெரார்டோ.
தலையைப் பிடித்திருந்தது என் கை.
துளைப்பான் ஒரு முடியளவு கூடுதலாக இறங்கியிருந்தால்
பதினெட்டாம் எண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

என் கடைவாய்ப் பல்லிலும் அதே சிர்கோனியாதான்.
தவணையில் கட்டிய பல்;
இன்னும் மூன்று தவணை பாக்கி.
என் வாயில் அது பால்வெள்ளை,
எலியின் தலையில் தேங்கிய மழைநீர்.
ஏன் இப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள்.
எல்லாம் உள்ளிருக்கும் துளைகள்தான்.
துளை பெரிதானால் ஒளி இடறி விழுகிறது.
அழுத்தி, மின்சாரம் பாய்ச்சிச் சுட்டு
ஒளியின் காலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச்
சிறுக்கிவிட்டால்
அது பாட்டுக்கு நடந்து போய்விடும்.
குறை போகவில்லை. சிறுத்தது, அவ்வளவே.

முன்பெல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எலி.
முதல் நாளைக் காட்டிய எலி
மூன்றாம் நாளைக் காட்ட இருக்காது.
வேறு வேறு உயிர்களை அடுக்கிவைத்து
ஒரே கதை என்று சொல்லிவந்தோம்.

சிவப்பு லேசர்.
திரையில் மணலை வாரி இறைத்தாற்போல் மினுக்கம்.
புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் இது:
மணி மணியாய், பளிச்சென்று தெரிகிறதா,
அங்கே ஒன்றும் ஓடவில்லை.
ரத்தம் போகும் வழியில்தான் மணல் கலையும்,
குழம்பும், மங்கும்.
வேகம் ஏற ஏற இருட்டும்.
அந்த இருட்டுதான் நாளம்,
கிளை, கிளையின் கிளை.
எண்ணம் எதையும் நாங்கள் பார்த்ததில்லை.
எண்ணத்துக்குச் சோறு கொண்டுபோகும் வண்டிகள்
போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தோம்.

இன்றைய வேலை
ஒரு கிளையை அடைப்பது.
வாலில் சாயம் ஏற்றியாயிற்று.
பச்சை ஒளியை ஒரு புள்ளியில் நிறுத்தி
பத்து நிமிடம்.
நான்தான் பொத்தானை அழுத்தினேன். அதைச் சொல்லாமல் விட முடியாது.
ஐந்தாம் நிமிடம் இருட்டில் ஒரு வெளிறல்.
எட்டாம் நிமிடம் அந்த இடம் முழுக்க
கண்ணைப் பறிக்கும் தெளிவு.
ஒவ்வொரு மணியையும் எண்ணிவிடலாம்.

என் அண்ணன் ரோசெந்தோ
சூரைமீன் ஆலையில் கத்தியோடு சாய்ந்தபோது
அவன் மண்டை மூடியே இருந்தது.
கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.
வாய் கோணியிருக்கிறதா என்று
சிரிக்கச் சொன்னார்கள்.
அவன் சிரித்தான். கோணியிருந்தது.
ஐந்து மாதம் கழித்து வலது கை
தானாக உப்பு ஜாடியை எடுத்தது.
உள்ளே எந்தக் கிளை
எந்தக் கிளைக்குக் கடன் கொடுத்ததோ,
அந்த நாளை யாரும் படம் பிடிக்கவில்லை.

நாற்பதாம் நிமிடம்.
காப்பி ஆறிவிட்டது.
தெளிவின் ஓரத்தில்
பக்கத்து நாளத்திலிருந்து
ஏதோ கசிகிறது, மெல்லிய அழுக்குப் போல.
திரையைத் துடைத்துப் பார்த்தேன்.
திரையில் அழுக்கில்லை.
மங்குகிறது.
ஒரு மயிரிழை அகலம், பிறகு இரண்டு.
"ஏய்," என்றேன் இருட்டில்,
யாரும் இல்லாத அறையில்.

மயக்கம் தெளிந்து எழுந்ததும்
பதினேழு முதலில் முகம் கழுவியது.
இடது முன்கால் கொஞ்சம் பின்தங்கியது.
காதை எட்டவில்லை.
மறுபடி முயன்றது.

குறிப்பேட்டில்:
நாள் 52. ஜன்னல் சுத்தம், விரிசல் இல்லை.
நாளை எட்டரைக்கு அதே தலை, அதே இடம்.
நாக்கு பல்லைத் தடவிக்கொண்டிருந்தது,
எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.